ஓவர்லோடு ரிலே டிரிப்: கோளாறு மோட்டாரில் இல்லை

கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடியதும் ஓவர்லோடு ரிலே (மோட்டார் அதிக கரண்ட் இழுத்தால் அதை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி) டிரிப் ஆகிறது என்று அழைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மோட்டாரை இறக்க ஆள் தயார். பொறுங்கள் என்று கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டேன்: இரண்டு பேஸில் 14 ஆம்பியர், ஒன்றில் 12. ரிலேயின் செட்டிங் 15, அதைத் தாண்டவில்லை. பிறகு ஏன் டிரிப்?

மோட்டார் ஓடும்போதே கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒவ்வொரு போலிலும், அதாவது ஒவ்வொரு பேஸின் கான்டாக்டிலும், உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் இடையே வோல்டேஜ் பார்த்தேன். (கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.) இரண்டு போலில் சில மில்லிவோல்ட், மூன்றாவதில் 5 வோல்ட். 12 ஆம்பியரோடு பெருக்கினால் 60 வாட் சூடு, நேராகக் கீழே ஒட்டியிருக்கும் ரிலேயின் பைமெட்டலுக்கும் (சூட்டில் வளைந்து ரிலேயை டிரிப் ஆக்கும் தகடு) போகும். மின்சாரத்தின் சூடா, அடுத்தவர் சூடா என்று அதற்குத் தெரியாது. செட்டிங்கைக் கூட்டிவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. அதுதான் மோட்டாரை எரிக்கும் வழி.

கழற்றிப் பார்த்தால் அந்த கான்டாக்ட் கருகிக் குழி விழுந்திருந்தது. புதிய கான்டாக்டர் போட்டு ஸ்க்ரூக்களை இறுக்கியதும் மூன்று பேஸும் சமமாயின.