பிள்ளைகளோடு புதர்க்காட்டுக்கு: முதல் புவியியல் களப்பயணம் நடத்துபவர்களுக்கு

முதல்முறை என் வகுப்பைச் சிட்னியில் உள்ள பரமட்டா ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, ஆளுக்கு நான்கு பக்க வினாத்தாள் கொடுத்திருந்தேன். பாதையோரப் பாறை ஒன்றில் முழ நீளத்துக்கு ஒரு நீர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இருபத்தாறு பிள்ளைகளில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து எட்டாம் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் வினாத்தாள் கொண்டுபோவதே இல்லை. ஒரு அட்டை, ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில் போதும்.

சிட்னியில் புதிதாக ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஆனவர்களுக்கும், பிள்ளையின் வகுப்போடு உதவிக்குப் போகிற பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். எட்டிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது. இடம் வேறாக இருந்தாலும் செய்முறை இதேதான்.

படி 1: முதலில் நீங்கள் மட்டும் போய் நடங்கள்

பரமட்டா நகர மையத்திலிருந்து ஏரி பக்கம்தான். ஆனாலும் உள்ளே போனால் உண்மையான புஷ்: தைலமரங்கள், கீழே புதர், இடையிடையே மணற்பாறை. ஏரியை முழுதாகச் சுற்றிவர ஆசைப்படாதீர்கள், இந்த வயதுக்கு அது நீளம். மூன்றே மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: சாப்பிட உட்காரும் வெட்டவெளி, ஓடைப்பக்கம் இறங்கும் ஒரு சரிவு, வகுப்பு முழுக்க உட்காரக்கூடிய தட்டையான பாறை. கழிப்பறை எங்கே, பேருந்து எங்கே நிற்கும், எந்த வளைவில் போன் சிக்னல் போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பாதுகாப்பு

அனுமதிக் கடிதம், ஒவ்வாமைப் பட்டியல் எல்லாம் பள்ளி அலுவலகமே கேட்டு வாங்கிவிடும். நீங்கள் மறக்கக்கூடாதது ஒன்று: கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் ஊசியான எபிபென் தேவைப்படும் பிள்ளையின் எபிபென், அந்தப் பிள்ளை இருக்கும் குழுவோடேயே நடக்க வேண்டும், பேருந்தில் இருந்தால் பயனில்லை. ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்கிறேன். தொப்பி, தண்ணீர், மூடிய செருப்பு கட்டாயம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மேக்பை பறவைகள் கூட்டைக் காக்கத் தலைக்குமேல் பாயும், அந்தப் பாதையைத் தவிருங்கள். கடும் வெயிலும் காற்றும் சேர்ந்து தீ எச்சரிக்கை வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், தயங்கவே வேண்டாம்.

பாம்பைக் கண்டால் நின்று, மெதுவாகப் பின்வாங்க வேண்டும் என்று முன்தினமே வகுப்பில் நடித்துக் காட்டுங்கள். கடித்துவிட்டால் கடிவாயைக் கழுவக்கூடாது. கடிபட்ட கை அல்லது கால் முழுக்க அழுத்தமாகக் கட்டுத்துணி சுற்றி, பிள்ளையை நடக்கவிடாமல் படுக்கவைத்து அவசர எண்ணான 000-க்கு அழைக்க வேண்டும். மாலையில் வீட்டில் உண்ணி இருக்கிறதா என்று தலை, காதுப்பின், அக்குள் எல்லாம் பார்க்கச் சொல்லிப் பெற்றோருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

படி 3: ஊரின் பெயரிலிருந்து தொடங்குங்கள்

இது இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான தருக் மக்களில் ஒரு பிரிவினரான பரமட்டகல் மக்களின் நிலம். அவர்கள் மொழியில் விலாங்கு மீனோடு சேர்ந்த பெயர்தான் பரமட்டா ஆனது. 'இங்கே எதற்கு விலாங்கு வந்தது?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆறு, ஓடை, கடல் என்று பிள்ளைகளே வந்து சேருவார்கள். அணைச்சுவர் தெரியும் இடத்தில் இன்னொரு கேள்வி: ஏன் இந்த இடத்தில் கட்டினார்கள், ஏன் வளைத்துக் கட்டினார்கள்? 1856-ல் முடிந்த இந்தச் சுவர்தான் ஆஸ்திரேலியாவின் முதல் வளைவு அணை. 1909 வரை ஊருக்குக் குடிநீர் தந்தது. குறுகிய பள்ளம், இருபக்கமும் கெட்டிப் பாறை. தண்ணீர் தள்ளுகிற விசையை அந்த வளைவு இரு பாறைகளுக்கும் கடத்திவிடுகிறது. இரண்டு பிள்ளைகள் உள்ளங்கையால் சுவரைத் தள்ளுவது போல நடித்தாலே புரிந்துவிடும்.

படி 4: குச்சி நிழல்

என்னைக் கேட்டால் நாளின் முக்கியமான பாடம் இதுதான். சாப்பிடும் இடத்தில் ஒரு குச்சியை நேராக ஊன்றி, கால்மணிக்கு ஒருமுறை நிழல் நுனியில் ஒரு கல் வையுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் வடக்கு தெற்குக் கோடு. சாதாரண நேரத்தில் அது பன்னிரண்டு மணியை ஒட்டி வரும், கோடைகாலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளியிருப்பதால் ஒரு மணியை ஒட்டி வரும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வளர்ந்த நாம் இங்கே தடுமாறிவிடுவோம். அங்கே பெரும்பாலான மாதங்களில் நண்பகல் வெயில் தெற்கே சாய்ந்திருக்கும். சிட்னியில் எப்போதும் வடக்கே, அதனால் நிழல் தெற்கே விழும். பிறகு திசைகாட்டியை அந்தக் கோட்டின்மேல் வைத்தால் முள் ஒத்துப்போகாது. முள் காட்டுவது காந்த வடக்கு; சிட்னியில் அது உண்மை வடக்கிலிருந்து சுமார் 12, 13 பாகை கிழக்கே விலகி நிற்கும். 'நீ தப்பாகச் செய்துவிட்டாய்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை சரியாகத்தான் செய்திருக்கிறது.

படி 5: சரிவும் பாறையும்

இப்போது கண்டுபிடித்த வடக்கைக் கையோடு பயன்படுத்துங்கள். வடக்கு நோக்கிய சரிவில் வெயில் அதிகம், மண் காய்ந்திருக்கும். தெற்கு நோக்கிய சரிவிலும் ஓடைப்பள்ளத்திலும் ஈரம் நிற்கும், பெரணியும் பாசியும் இருக்கும். இரண்டு இடத்திலும் உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ச்சியும் சூடும் கைக்கே தெரியும்.

அப்புறம் பாறை. கட்டைவிரலால் தேய்த்தால் மணல் உதிரும். அதே மணல்தான் காலடியிலும் கிடக்கிறது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு பெரிய ஆறு கொண்டுவந்து போட்டது இது. பாறையின் வெட்டுமுகத்தில் சாய்வாக ஓடும் வரிகளில் விரலை வைத்து, சரிவு இறங்கும் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கமாகத்தான் அன்று தண்ணீர் ஓடியது. என் வகுப்பில் ஒரு சிறுமி விரலை எடுக்காமலே கேட்டாள், 'டீச்சர், அப்ப இந்த ஆறு இப்ப எங்கே?' அந்த ஒரு கேள்வியிலேயே அரைமணி நேரம் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

படி 6: வரைபடம்

தட்டைப் பாறையில் உட்காரவைத்து, அச்சடித்த வரைபடத்தைக் காட்டாமல் அவரவர் வரையட்டும். இங்குள்ள பள்ளிகளில் வரைபடத்துக்கு ஆறு உறுப்பு சொல்லித் தருகிறோம்: எல்லைக்கோடு, திசை, குறிவிளக்கம், தலைப்பு, அளவுகோல், மூலம். இதில் அளவுகோல்தான் கடினம். 20 மீட்டர் கயிற்றைத் தரையில் நீட்டி, எத்தனை காலடி வைத்தால் தாண்டுகிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணட்டும். 40 காலடி என்றால் ஒரு காலடி அரை மீட்டர். பிறகு மரத்திலிருந்து பாறை வரை எண்ணி, ஒரு சென்டிமீட்டருக்கு 5 மீட்டர் என்று தாளில் இறக்கச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருந்தாலும் நீங்கள் திருத்தாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு

மறுநாள் அதே இடத்தின் வான்வழிப் படத்தைத் திரையில் போட்டு, பக்கத்தில் அவர்கள் வரைந்ததை வையுங்கள். விழுந்த மரம், எறும்புப் புற்று, வழுக்கும் பாறை என்று படத்தில் இல்லாதது நிறைய அவர்கள் தாளில் இருக்கும்.

குச்சியையும் தூக்கிப் போடவேண்டாம். பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சி ஊன்றி, ஜூன் நடுவிலும் டிசம்பர் நடுவிலும் நண்பகல் நிழலை அளந்து சுவரில் எழுதிவையுங்கள். ஜூனில் ஒன்றரை மீட்டருக்குச் சற்றே கூடுதலாக வரும். டிசம்பரில் ஒரு சாண்கூட வராது.