வானொலியைப் பதிவு செய்ய ரெக்கார்டர் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிற்றலையிலும் மத்திய அலையிலும் தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்கும் நேயர் ஒருவர் கையடக்க ரெக்கார்டர் வாங்கக் கடைக்குப் போனால், விற்பவர் முதலில் பெருமையாகக் காட்டுவது அதன் மைக்கைத்தான். கச்சேரியையோ கூட்டத்தையோ பதிவு செய்பவருக்கு அது பொருந்தும். வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்தால் மின்விசிறியின் இரைச்சலும் தெருவில் போகும் வண்டியின் ஹாரனும் சேர்ந்தே பதிவாகும் என்பதால், நேயர் பார்க்க வேண்டியது வயர் செருகும் துளையை.

அந்தத் துளை மைக்குக்கு மட்டுமானதா, வேறு கருவியின் வலுவான ஒலி சிக்னலை ஏற்கும் லைன் இன்னாகவும் பயன்படுமா என்று கேட்காமல் வாங்குவதே இவற்றில் பெரிய தவறு. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் அளவுள்ள சிக்னல். பெட்டியின் ஹெட்போன் துளையிலிருந்தோ, ஒலியை வேறு கருவிக்கு அனுப்பும் லைன் அவுட் துளையிலிருந்தோ வருவது அதைவிடப் பல மடங்கு வலுவானது. மைக் துளையில் அதைச் செலுத்தினால் நுழையும் இடத்திலேயே ஒலி சிதைந்துவிடக்கூடும். அதன்பிறகு ரெக்கார்டிங் லெவலை எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு போகாது. ஏற்கெனவே அப்படிப்பட்ட கருவி கையில் இருந்தால், ரெசிஸ்டர் பொருத்தி சிக்னலின் வலுவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிளைப் போட்டு, மெனுவில் மைக்குக்கு மின்சாரம் தரும் ‘பிளக் இன் பவர்’ வசதியை அணைத்துவிட்டுச் சமாளிக்கலாம். டெக்சன் பிஎல்-880, சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் போன்ற பெட்டிகளில் லைன் அவுட் தனியாகவே உண்டு. அதில் செருகினால், பெட்டியின் வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் பதிவின் அளவு மாறாது.

கடைக்காரருக்கே தெரியாத குறை ஒன்று உண்டு. ரெக்கார்டருக்குள் இருக்கும் பிராசசரும் திரையும் மின்னழுத்தத்தை மாற்றும் சுற்றும் ரேடியோ அலையில் இரைச்சலை உமிழக்கூடும். பண்பலையில் பெரும்பாலும் தெரியாத அந்த இரைச்சல், மத்திய அலையில் வலுக்குறைந்த நிலையத்தை அடியோடு மூழ்கடித்துவிடும். சிறிய டிரான்சிஸ்டர் பெட்டியைக் கடைக்கே எடுத்துச் சென்று, மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத அலைவரிசையில் வைத்து, பதிவு ஓடிக்கொண்டிருக்கும் ரெக்கார்டரை அதன் அருகே கொண்டுபோனால் உண்மை உடனே தெரிந்துவிடும். விற்பவர் விநோதமாகப் பார்த்தால் பார்க்கட்டும். யுஎஸ்பி சார்ஜரில் செருகினால் இரைச்சல் இன்னும் மோசமாகலாம் என்பதால், ஏஏ அல்லது ஏஏஏ பேட்டரியில் ஓடும் கருவியே நல்லது.

பதிவின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கி லெவலை நம்புவதும் தவறுதான். சிற்றலை ஒலி இயல்பாகவே ஏறி இறங்குவது. அதைச் சமன்படுத்தும் வேலையைப் பெட்டி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும்போது ரெக்கார்டரும் தன் பங்குக்குச் செய்தால், பேச்சின் இடைவெளிதோறும் இரைச்சல் பொங்கி எழும். கையால் லெவல் வைக்க முடியாத கருவி வேண்டாம். குரல் கேட்டால் மட்டும் பதிவு செய்யும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். அறிவிப்பாளர் சொல்லும் நிலையப் பெயரின் முதல் பாதியை அது விழுங்கிவிடும்.

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற உயர்தரப் பதிவு விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. சிற்றலை நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால், நாம் கேட்கும் ஒலியின் அதிர்வெண் வீச்சே குறுகியது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில், ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் கோப்பு மணிக்கு ஏறத்தாழ 635 எம்பி பிடிக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இரைச்சலுக்குள் புதைந்த நிலையத்தை மட்டும் வேவில் பதிவு செய்யுங்கள்.

கருவியின் கடிகாரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒலிபரப்பு எப்படிக் கேட்டது என்று நிலையங்களுக்கு நேயர்கள் அனுப்பும் அறிக்கையில் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைக் குறிப்பதே வழக்கம். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், யுடிசியில் முழு மணிக்கு வரும் நிலைய அறிவிப்பு நமக்கு அரை மணியில் வரும். பேட்டரி மாற்றும்போது கடிகாரம் அழிந்துபோகும் கருவியானால் கோப்பில் பதியும் தேதியை நம்ப முடியாது. அதிகாலை 5.30க்குத் தானாகப் பதிவு தொடங்கும் டைமர் வேண்டுமென்றால், அது ரெக்கார்டரில் இருந்தால் மட்டும் போதாது. வானொலிப் பெட்டியும் அதே நேரத்தில் தானே இயங்கத் தொடங்கி, நிகழ்ச்சி முடியும்வரை அணையாமல் இருக்குமா என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.