முதலில் மாட்டுக்கொட்டகை, அப்புறம் உச்ச நீதிமன்றம்

சிவில் நீதிபதித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் மாலையில் என் வீட்டுக்கு வருகிறார்கள். ஓய்வுபெற்ற சார்பு நீதிபதிக்கு வேறென்ன வேலை? மாதிரித் தீர்ப்புரை ஒன்று எழுதச் சொன்னால், முதல் பக்கத்திலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரண்டை இறக்கிவிடுகிறார்கள். எந்த இடத்துக்குச் சண்டை என்பது நாலாம் பக்கத்தில்தான் தெரிகிறது. அதைத் தலைகீழாக்குங்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 20, விதி 4 கேட்பது நாலே விஷயம்: வழக்கின் சுருக்கம், தீர்மானிக்க வேண்டியவை, ஒவ்வொன்றின் மீதும் முடிவு, அதற்கான காரணம். வழக்குரையையும் எதிர்வழக்குரையையும் அப்படியே பெயர்த்து எழுதுவது சுருக்கம் ஆகாது. இருதரப்பும் ஒத்துக்கொண்டதைத் தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் சண்டையை அரைப் பக்கத்தில் சொல்லுங்கள். அப்புறம் எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்.

கஷ்டமெல்லாம் காரணத்தில்தான். நான் வகுப்பில் கொடுக்கும் கற்பனை வழக்கு ஒன்று. நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது இடத்தில் தலையிடக் கூடாதென்று நிரந்தரத் தடை, கேட்டு 2014இல் வழக்கு. மூன்று சென்ட் இடம். வாதியிடம் கிரையப் பத்திரம், வீட்டுவரி ரசீது. இடம் தன்னுடையது என்கிறார் பிரதிவாதி. “வாதி தரப்புச் சாட்சியம் நம்பும்படியாக இல்லை” என்று ஒரு பையன் எழுதினான். ஏன் நம்பும்படி இல்லை? தோற்றவர் வக்கீலிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். மறுபடி எழுதச் சொன்னேன். மூன்றாம் தடவை இப்படி வந்தது (வா.சா. என்றால் வாதி தரப்புச் சாட்சி, வா.சா.ஆ. என்றால் வாதி தரப்புச் சான்றாவணம், தாவா இடம் என்றால் வழக்கிலுள்ள இடம், சுவாதீனம் என்றால் இடத்தைக் கைவசம் வைத்திருப்பது):

“வா.சா.1 தன் குறுக்கு விசாரணையில், 2009 முதல் தாவா இடத்தில் பிரதிவாதியின் மாட்டுக்கொட்டகை இருந்துவருவதாக ஒப்புக்கொண்டுள்ளார். வா.சா.ஆ.5 வீட்டுவரி ரசீதில் உள்ள கதவு எண் தாவா இடத்துக்கு உரியது அல்ல. எனவே வழக்கு தாக்கலான நாளில் தாவா இடம் வாதியின் சுவாதீனத்தில் இருந்தது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.”

யார் சொன்னது, எந்த ஆவணம், அதிலிருந்து என்ன முடிவு. மூன்று வாக்கியம்தான், ஆனால் மேல்முறையீட்டில் அசைக்க வேண்டுமானால் அந்த மாட்டுக்கொட்டகையை அசைத்தாக வேண்டும்.

இப்போதுதான் மேற்கோளுக்கு இடம். சுவாதீனம் இல்லாதவர் வெறும் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்கலாமா? அதற்கு விடை சொல்லும் தீர்ப்பு அனதுலா சுதாகர் எதிர் பி. புச்சி ரெட்டி, (2008) 4 எஸ்.சி.சி. 594. எஸ்.சி.சி. என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பு. அடைப்புக்குள் ஆண்டு, அடுத்தது தொகுதி, கடைசி எண் பக்கம். ஏ.ஐ.ஆர். என்ற இன்னொரு தீர்ப்புத் தொகுப்பில் ஆண்டுதான் தொகுதி. கேசவானந்த பாரதி வழக்கு ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 என்று வரும். 2023 முதல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளுக்கு ஆண்டு, ஐ.என்.எஸ்.சி., வரிசை எண் என்று பொது எண் கொடுக்கிறது. இருந்தால் அதையும் சேருங்கள். பத்தி எண்ணைக் கட்டாயம் போடுங்கள். முந்நூறு பக்கத் தீர்ப்பின் பெயரை மட்டும் எழுதுவது, ஊர் பெயரைச் சொல்லி வீட்டைத் தேடச் சொல்வது மாதிரி.

மேற்கோள் போட்டதும் வேலை முடியவில்லை. அனதுலா சுதாகர் வழக்கில் தகராறு வாரங்கல்லில் ஒரு காலி மனைக்கு. காலி மனையில் யாருக்கு உரிமையோ அவருக்கே சுவாதீனமும் என்று கொள்ள வேண்டியிருப்பதால், அங்கே உரிமையைப் பற்றிய கேள்வி பெரிதானது. நம் வழக்கில் கொட்டகை கண்ணெதிரே நிற்கிறது. ஆக உரிமை தகராறிலும், சுவாதீனம் எதிராளியிடமும் இருந்தால் விளம்புகையும் (உரிமை தனதே என்று நீதிமன்றம் அறிவிப்பது) சுவாதீனமும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லும் பகுதிதான் நமக்குப் பொருந்தும். இந்த ஒப்பீட்டை இரண்டு வரியில் எழுதுங்கள். சென்னையிலிருந்து போன பாரத் பெட்ரோலியம் எதிர் என்.ஆர். வைரமணி வழக்கில், (2004) 8 எஸ்.சி.சி. 579, உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்துச் சொன்னது: முன்தீர்ப்பு யூக்ளிடின் தேற்றம் அல்ல, சங்கதிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் ஒட்டவைக்காதீர்கள்.

நானும் ஒட்டவைத்தவன்தான். முன்சீஃபாக இரண்டாம் வருஷம். வக்கீல் நீட்டிய நகலில் மஞ்சள் கோடு போட்டிருந்த பத்தியை அப்படியே என் தீர்ப்பில் எடுத்துப் போட்டேன். மேல்முறையீட்டில் ஒரே வரி வந்தது: கீழமை நீதிமன்றம் எடுத்தாண்டது அந்த முன்தீர்ப்பில் மேல்முறையீட்டாளர் வைத்த வாதம், நீதிமன்றத்தின் முடிவு அல்ல. இரண்டு பக்கம் தள்ளி அந்த வாதத்தை நிராகரித்திருந்தார்கள். நான் புரட்டவே இல்லை. அன்றிலிருந்து, கோடு போட்ட பத்தியையும், தீர்ப்பின் தலையில் பதிப்பாளர் போடும் சுருக்கமான தலைக்குறிப்பையும் வழிகாட்டிப் பலகையாக மட்டும் வைத்துக்கொண்டேன். முழுத் தீர்ப்பைப் படிக்க இப்போது சாக்குச் சொல்லவும் முடியாது, உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கேட்டு இல்லாத வழக்குகளை எழுதிக் கொடுத்த நியூயார்க் வக்கீல்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது தெரியும்தானே?

விக்கிப்பீடியாவைத் தீர்ப்பில் மேற்கோள் காட்டலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கோவையிலிருந்து போன வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றமே அதைச் சுட்டியிருக்கிறது. ஆனால் 2023 ஜனவரியில், ஒரு சுங்க வழக்கில், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அத்தகைய தளங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று அதே நீதிமன்றம் எச்சரித்தது. பின்னதைப் பின்பற்றுங்கள்.

பத்திகளுக்கு எண் போடுவது பற்றி நான் சொல்ல வேண்டாம். பாரத ஸ்டேட் வங்கி எதிர் அஜய் குமார் சூத் வழக்கில் 2022இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. புரியாத நடையில் வந்த ஒரு தீர்ப்பைப் படித்து நொந்துபோய் எழுதியது அது.

கடைசியில் சாட்சிகள், சான்றாவணங்கள் பட்டியல். திறந்த நீதிமன்றத்தில் படித்துத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டபிறகு, எழுத்துப்பிழை, கணக்குப்பிழை போன்றவற்றைத் திருத்தலாம். மற்றபடி சீராய்வு (அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மறுபடி பரிசீலிப்பது) இல்லாமல் ஒரு சொல்லையும் தொட முடியாது. அதனால் பேனாவைத் திறக்கும் முன் சர்வே எண்ணைக் கிரையப் பத்திரத்தோடு ஒருதரம் ஒப்பிடுங்கள். சுவாதீனம் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பில் 112/2ஏ என்பது 112/2பி ஆகிவிட்டால், நிறைவேற்று மனுவில் நீதிமன்ற ஊழியரான அமீனா வேறு யார் வீட்டு வாசலிலோ போய் நிற்பார்.