துணைப்பயிர் வைத்துப் பூச்சியைக் குறைப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

செண்டுமல்லி நட்டால் பூச்சியே அண்டாது என்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். முக்கியப் பயிரோடு சேர்த்து நடும் துணைப்பயிர் மூன்று வேலை செய்யும்: பூச்சியைக் குழப்பும், தன் பக்கம் இழுக்கும், அல்லது பூச்சியைத் தின்னும் பூச்சிகளுக்குச் சோறு போடும். எந்த வேலைக்கு நடுகிறோம் என்று தெரிந்து நட்டால்தான் பலன்.

படி 1: வந்திருப்பது யார்?
இலையைத் திருப்பிப் பாருங்கள். கொத்தாக ஒட்டியிருந்தால் அசுவினி. செடியை ஆட்டியதும் வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ. மேல்புறம் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளி, அடியில் மெல்லிய வலை என்றால் சிலந்திப்பேன். சந்தேகமாக இருந்தால் இலையை வெள்ளைத்தாள் மேல் தட்டுங்கள், ஊரும் புள்ளிகள் தெரியும். சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால், அது பூச்சியே அல்ல. அதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம்.

படி 2: குழப்புங்கள்
முட்டைக்கோஸைத் தேடி வரும் பூச்சி, பச்சையாக எது தெரிந்தாலும் இறங்கிப் பார்க்கும். வெறும் மண்ணில் கோஸ் மட்டும் நின்றால் நேராக அதில்தான் உட்காரும். நடுவில் வேறு பச்சை இருந்தால் தவறான இலையில் இறங்கி, பிடிக்காமல் கிளம்பிவிடும். ஃபின்ச், கோலியர் என்ற ஆய்வாளர்கள் 2000இல் முன்வைத்த விளக்கம் இது. ஆக, வாசனையைவிட மண் தெரியாமல் மூடுவதுதான் இங்கே முக்கியம். குட்டையாகப் படரும் வேற்றுக் குடும்பச் செடி எதுவும் சரி.

படி 3: இழுத்துப் பிடியுங்கள்
இதில்தான் நாள் கணக்கு தவறக்கூடாது. தக்காளிக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குச் செண்டுமல்லிப் பூ என்றால் பிரியம். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். அதனால் 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்றை நடுங்கள், 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. கோஸுக்குக் கடுகு, அதுவும் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்னதாகவே விதைத்தது.

நட்டுவிட்டுச் சும்மா இருந்தால், இப்படிப் பூச்சியை இழுக்க நட்ட பொறிப்பயிரே பூச்சிப் பண்ணையாகிவிடும். வாரம் இருமுறையாவது மொட்டுகளைப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டையோ புழுவோ இருந்தால், அந்தப் பூவைக் கிள்ளி அழித்துவிடுங்கள்.

படி 4: நல்ல பூச்சிக்குச் சோறு
கொத்தமல்லியில் நாலைந்தைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். புழுக்களில் முட்டையிடும் குட்டிக் குளவிகளுக்கு எட்டுகிற தேன் அதில் இருக்கும். அப்புறம், ஓரமாகத் தட்டைப்பயறு. அதில் அசுவினி வந்தால் பதறி மருந்தடிக்காதீர்கள். குட்டி முதலை மாதிரி கருஞ்சாம்பல் புழு பக்கத்தில் ஊர்ந்தால், அது பொறிவண்டின் பிள்ளை. அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது.

படி 5: சிலந்திப்பேனுக்கு வேறு கணக்கு
வெயிலும் வறட்சியும் கூடினால் இது பெருகும். பீன்ஸ், செண்டுமல்லி இரண்டிலும் நன்றாகவே வளரும். ஆகவே கோடையில் கத்தரிக்குப் பக்கத்தில் இவற்றை நெருக்கி நடாதீர்கள். இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கண்ட மருந்தையும் அடித்தால் சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பேன்கள்தான் முதலில் சாகும். வலை கட்டிய செண்டுமல்லியைப் பாத்தி வழியாக இழுத்துப் போகாமல், நின்ற இடத்திலேயே பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.