உங்கள் பாட்டுக்கு நீங்களே மாஸ்டரிங் செய்வது எப்படி?

மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் ஒன்றாகக் கலப்பது) முடிந்த கையோடு மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் செய்யும் கடைசி மெருகேற்றலில், உட்கார வேண்டாம். ஓரிரு நாள் விட்டு, காது ஓய்ந்த பிறகு தொடங்குங்கள்.

முதலில் மாஸ்டர் ட்ராக்கில் (எல்லா ட்ராக்குகளும் வந்து சேரும் இடம்) லிமிட்டர் (ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) இருந்தால் எடுத்துவிட்டு, பாட்டை 24 பிட் வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சாம்பிள் ரேட்டை (ஒலி வினாடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்ற எண்) மாற்ற வேண்டாம். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபல் பக்கம் நின்றால் போதும்.

அடுத்து, ஒரு புது புராஜெக்டில் இந்தக் கோப்பையும், இதே பாணியில் வெளியான, உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டையும் வையுங்கள். வெளியான பாட்டு சத்தமாக இருக்கும். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். அதனால் அந்தப் பாட்டைக் குறைத்து, இரண்டும் ஒரே அளவில் கேட்கும்படி வைத்த பிறகே ஒப்பிடுங்கள். நீங்கள் போடும் ஒவ்வொரு ப்ளக்கினுக்கும் (ஒலியை மாற்றும் மென்பொருள் கருவி) இதையே செய்யுங்கள்: சத்தத்தைச் சமமாக்கி, போட்டும் அணைத்தும் கேளுங்கள். பாட்டு மேம்படவில்லை என்றால் அந்த ப்ளக்கின் வேண்டாம். மாஸ்டரிங்கில் இந்த ஒரு பழக்கம்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது என்பேன்.

சரி, இப்போது ஈக்யூ, அதாவது ஒலியின் குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டிக் குறைப்பது. 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டலாம். பாட்டு மந்தமாக ஒலித்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை தேடிப் பார்த்துக் குறையுங்கள். குரல் காதைக் குத்தினால் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம். ஒன்று, இரண்டு டெசிபலுக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் கோளாறு மிக்ஸில் இருக்கிறது. அங்கே போய்ச் சரிசெய்யுங்கள். கம்ப்ரஸர் (சத்தமான இடங்களை அடக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) எல்லாப் பாட்டுக்கும் தேவையில்லை. போட்டால் ரேஷியோ (எவ்வளவு அழுத்தமாக அடக்குகிறது என்ற விகிதம்) 2:1க்குள், குறைப்பு இரண்டு டெசிபலுக்குள்.

கடைசியாக லிமிட்டர். ட்ரூ பீக் வசதியை (சாம்பிள்களுக்கு இடையே எழும் உச்சத்தையும் கணக்கில் எடுப்பது) இயக்கி, உச்ச வரம்பை மைனஸ் 1 டெசிபலில் வையுங்கள். ஸ்ட்ரீமிங் தளங்கள் கோப்பைச் சுருக்கும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும். அதற்குத்தான் இந்த இடைவெளி. ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சராசரி சத்தத்தின் அளவு) அளவுக்குச் சமன் செய்கிறது. நீங்கள் மைனஸ் 7 வரை தள்ளினால் அது சத்தத்தைக் குறைத்துவிடும். நசுங்கிய ட்ரம்ஸ் நசுங்கியபடியே இருக்கும். அதற்காக மைனஸ் 14ஐக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ட்ரம்ஸ் அடியின் கூர்மை மழுங்கத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துங்கள்.

வெளியிடும் இடத்தில் 16 பிட் கேட்டால் மட்டும் மாற்றுங்கள், அப்போது டிதர் (பிட் குறையும்போது வரும் சிதைவை மறைக்கும் மிக மெல்லிய இரைச்சல்) போட மறக்க வேண்டாம். அப்புறம் போன் ஸ்பீக்கரிலும், மோனோவிலும் (இடது, வலது ஒலியை ஒன்றாகச் சேர்த்து) கேளுங்கள். மோனோவில் ஏதாவது கருவி காணாமல் போனால், மிக்ஸில் அதன் ஸ்டீரியோ விரிவைக் குறைத்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.