அலையில் இருக்கும்போது கார் சாவி எங்கே?

சர்ஃபிங், கயாக்கிங் என்று தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குப் பெரிய தலைவலி கார் சாவிதான். டயர் மேலும் பம்பருக்கு அடியிலும் ஒளித்து வைப்பதைத் திருடர்கள் தூரத்தில் நின்றே நோட்டம் விடுவார்கள். நண்பர் ஒருவர் அப்படித்தான் பர்ஸையும் மொபைலையும் பறிகொடுத்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

என்னுடையது பட்டன் சாவி, அதாவது பக்கத்தில் இருந்தாலே சிக்னல் மூலம் காரைத் திறக்கவிடும் மின்னணுச் சாவி. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் சர்க்யூட் அரித்துவிடும், கூடவே கொண்டுபோக முடியாது. காருக்குள் வைத்தாலோ, சாவியின் சிக்னல் இருப்பதால் கதவு பூட்டவே மறுத்தது. சரி என்று சாவியை அலுமினியத் தாளில் இடைவெளி விடாமல் சில சுற்று இறுக்கிச் சுற்றிக் காருக்குள் வைத்தேன். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன், பூட்டிய கதவு திறக்கவில்லை. தாள் சீக்கிரம் கிழிகிறது என்பதால், அப்புறம் சிக்னலைத் தடுக்கும் பை ஒன்று வாங்கிக்கொண்டேன். அதுவும் நாளாக நாளாகத் தேயும். ஒவ்வொரு தடவையும் சோதித்துவிட்டே கிளம்புகிறேன்.

பட்டன் சாவிக்குள்ளிருந்து உருவி எடுக்கும் உலோகச் சாவியால் கதவைப் பூட்டி, அதை மட்டும் கயிற்றில் கோத்து வெட்சூட்டின் (தண்ணீரில் அணியும் இறுக்கமான உடை) உள்பையில் வைத்துக்கொள்கிறேன். சில கார்களில் அதால் திறந்தால் அலாரம் அலறும், முன்னாடியே ஒத்திகை பாருங்கள்.

மொபைலுக்கு நீர் புகாத பை. உள்ளே முதலில் டிஷ்யூ தாளை மட்டும் வைத்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். மொபைலில் ஐபி68 (தூசியும் நீரும் புகாது என்பதற்கான தரக் குறியீடு) என்று போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, கடல் நீருக்கு அதை நம்பாதீர்கள்.