ஸ்டார்ச் சேர்த்து உணவைக் கெட்டியாக்கும் முறையும் லேபிளில் எழுத வேண்டியவையும்

சூப், கஸ்டர்டு, சாஸ், பழக்கூழ் போன்றவற்றைக் கெட்டியாக்க எந்த ஸ்டார்ச் ஏற்றது என்பதை அடுப்பில் இருக்கும்போது தெரியும் கெட்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இறக்கிய பிறகு அந்த உணவு உடனே பரிமாறப்படுமா, புளிப்போடு பாட்டிலில் பல நாள் இருக்குமா, ஃப்ரீசருக்குள் போய் வருமா என்பதுதான் தேர்வைத் தீர்மானிக்கிறது.

உடனே பரிமாறும் உணவுக்குக் கடையில் கிடைக்கும் வெள்ளை கார்ன்ஃப்ளாரே, அதாவது மக்காச்சோள ஸ்டார்ச்சே போதும். மஞ்சள் நிற மக்காச்சோள மாவு இந்த வேலைக்கு ஆகாது. ஒரு கப் திரவத்துக்கு, அதாவது சுமார் 240 மில்லிக்கு, ஒரு மேசைக்கரண்டி மாவு சேர்த்தால் நடுத்தரமான கெட்டி வரும். சூப்புக்கு அதில் பாதி போதும். மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் திரவத்தில் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். சூடான திரவத்தில் மாவை அப்படியே தூவினால், ஒவ்வொரு உருண்டையின் மேற்புறமும் உடனே வெந்து பசையாகி, உள்ளே நீர் புகாமல் கட்டி தட்டிவிடும். மக்காச்சோள ஸ்டார்ச்சின் துகள்கள் ஏறத்தாழ 62 முதல் 72 டிகிரி செல்சியசில் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கினாலும், முழுக் கெட்டி கொதிநிலையை நெருங்கும்போதுதான் வருகிறது என்பதால், குமிழி வந்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். பச்சை மாவு வாசனையும் அப்போதுதான் போகும். அதற்கு மேல் நெடுநேரம் கொதிக்கவிட்டு வேகமாகக் கிளறினால் உப்பிய துகள்கள் உடைந்து குழம்பு மீண்டும் நீர்த்துப்போகும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் இதே கேட்டைச் செய்யும் என்பதால் அவற்றை இறக்கிய பிறகே சேர்ப்பது நல்லது. சுவை பார்த்த கரண்டியைக் கழுவாமல் மறுபடியும் பாத்திரத்தில் விடுவதும் கூடாது. சுத்தம் ஒரு காரணம், உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சைச் சிதைத்து கஸ்டர்டைத் தளர்த்திவிடும் என்பது இன்னொரு காரணம்.

சேலம், நாமக்கல் வட்டாரத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் ஸ்டார்ச், கார்ன்ஃப்ளாரைவிடத் தெளிவான பளபளப்பைத் தரும். ஆனால் சற்றே நூல்போல் இழுபடும். பழக்கூழுக்கு இது பொருந்தும், வெள்ளை சாசுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து.

சாதாரண ஸ்டார்ச்சின் பலவீனம் குளிரில்தான் வெளிப்படுகிறது. மக்காச்சோள ஸ்டார்ச்சில் ஏறத்தாழ கால் பங்கு அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி வடிவ மூலக்கூறு. ஆறும்போது அந்தச் சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கி, இடையில் இருந்த நீரை வெளியே தள்ளுகின்றன. ஃப்ரீசரிலிருந்து எடுத்த சாஸ் பஞ்சுபோல் திரண்டு, ஓரத்தில் தண்ணீர் விட்டிருப்பது இதனால்தான். இதைத் தடுக்கவே வேதி முறையில் இயல்பை மாற்றிப் பதப்படுத்திய ஸ்டார்ச்சுகள் உருவாயின. அவற்றில் ஐ.என்.எஸ். 1442 என்ற எண் (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண்) கொண்ட ஹைட்ராக்ஸிபுரொப்பைல் டைஸ்டார்ச் பாஸ்ஃபேட்டில், பாஸ்ஃபேட் பாலங்கள் துகளை உடையாமல் கட்டிப்பிடிக்க, ஹைட்ராக்ஸிபுரொப்பைல் தொகுதிகள் சங்கிலிகள் நெருங்காதபடி விலக்கி வைக்கின்றன. ஆகவே அது புளிப்பு, கொதி, குளிர் மூன்றையும் தாங்கும். சாதாரண வீட்டுச் சமையலுக்கு இது தேவையே இல்லை. உறைய வைத்து விற்கும் சிறு தொழில் செய்பவர்களுக்கே பயன்படும்.

அப்படி வாங்குபவர்கள் உணவுத் தரச் சரக்கையே வாங்கி, பகுப்பாய்வுச் சான்றிதழையும் கேட்டுப் பெற வேண்டும். உணவுச் சேர்க்கைப் பொருள்களை மதிப்பிடும் சர்வதேச நிபுணர் குழுவான ஜெக்ஃபா (JECFA), ஹைட்ராக்ஸிபுரொப்பைல் தொகுதிகள் 7 சதவீதத்துக்கு மேலும், தயாரிப்பின்போது எஞ்சும் புரொப்பிலீன் குளோரோஹைட்ரின் என்ற வேதிப்பொருள் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது என வரையறுத்துள்ளது. அன்றாட உட்கொள்ளலுக்கு எண் வரம்பு தேவையில்லை என்பதும் அக்குழுவின் முடிவு. ஆயினும் எல்லா உணவிலும் சேர்க்கலாம் என்று பொருளல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு சேர்க்கைப் பொருள் விதிகளில் தம் உணவு எந்த வகையில் வருகிறது, அந்த வகைக்கு இந்த எண் அனுமதிக்கப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்; குழந்தை உணவுக்கு விதிகள் தனி.

லேபிளில் சாதாரண ஸ்டார்ச்சை உணவு ஸ்டார்ச் என்றே எழுதலாம். வேதி முறையில் பதப்படுத்தியதென்றால், கெட்டிப்படுத்தி என்ற வகைப்பெயரோடு அதன் பெயரையோ ஐ.என்.எஸ். எண்ணையோ குறிக்க வேண்டும். கோதுமை ஸ்டார்ச்சாக இருந்தால் ஒவ்வாமை அறிவிப்பும் தேவை. ஏற்றுமதி செய்பவர்களுக்கு லேபிள் மாறும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் எண் இல்லாமல் பதப்படுத்திய ஸ்டார்ச் என்ற சொல்லே போதும்.

பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் கோவாவில் ஸ்டார்ச் சேர்ப்பதற்கு மட்டும் இந்தியாவில் இடமே இல்லை, அது கலப்படம். வாங்கிய கோவாவில் சந்தேகம் வந்தால், சிறிதளவை நீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டு மூன்று சொட்டு டிங்ச்சர் அயோடின் விட வேண்டும். நீலம் தெரிந்தால் ஸ்டார்ச் கலந்திருக்கிறது. சூடாக இருக்கும்போது நிறம் சரியாகத் தெரியாது என்பதால் ஆறவிடுவதில் அவசரப்படக் கூடாது.